கடை நிறையக் கமோடு, அவசரத்துக்கு ஒன்றில்லை

என் மரியாதைக்கும் கொஞ்சம் பயத்துக்கும் உரிய மச்சான் அவர்களுக்கு, உங்கள் தங்கையின் கணவன் எழுதிக்கொள்வது.

இங்கே நான், உங்கள் தங்கை, கடை, மூவரும் சௌக்கியம். அங்கே நீங்களும் அக்காவும் லாரி ஆபீஸும் சௌக்கியமா என்று கேட்பதுதான் முறை. ஆனால் நீங்கள் சௌக்கியமாக இல்லை என்று தெரிந்துகொண்டே கேட்டால் அது கிண்டலாகிவிடும். ஆகவே அந்த வரியை விட்டுவிட்டு நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

நேற்று ஃபோனில் நீங்கள் பேதி மாத்திரையைப் பற்றிச் சொன்னதைக் கேட்டதிலிருந்து உங்கள் தங்கை சரியாகச் சாப்பிடவில்லை. "ஒண்ணு கேக்கல மாப்பிள்ளை, ரெண்டாக்கினேன். ரெண்டும் பழகிப்போச்சு, இப்ப தினம் மூணு. அடுத்த வாரத்திலேர்ந்து நாலு" என்று, ஏதோ லாரிக்கு டயர் மாற்றுகிற கணக்கில் சொன்னீர்கள். கூடவே, குளிக்கும்போது தலை சுற்றிச் சுவரைப் பிடித்து உட்கார்ந்ததையும், ராத்திரி கெண்டைக்கால் முறுக்கி இழுப்பதையும், "அது கெடக்கு" என்று ஒரு மூலையில் தள்ளிவிட்டீர்கள். அது கிடக்க வேண்டிய விஷயம் இல்லை மச்சான். அந்த நாலாவது மாத்திரையை நீங்கள் வாயில் போடக்கூடாது, போடுவதற்கு முன்னால் ஒரு டாக்டரைப் பார்க்க வேண்டும், அதற்காகத்தான் இந்தக் கடிதம். ஃபோனில் சொல்லலாம்தான், ஆனால் ஃபோனில் நீங்கள் மட்டும்தான் பேசுவீர்கள். கடிதத்தில் நான் மட்டும். யாவாரி எப்போதும் தனக்குச் சாதகமான இடத்தில்தான் பேரம் பேசுவான்.

அறிவுரை சொன்னால் நீங்கள் மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிடுவீர்கள் என்று தெரியும். அதனால் கதை சொல்கிறேன், என் கதை. முடிவையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நல்ல சரக்கை மூடிவைத்து விற்கிற பழக்கம் எனக்கில்லை. எங்கள் ஊரில் கட்டிக்கொண்டிருக்கிறார்களே புது ஹோட்டல், அதன் அத்தனை அறைகளுக்கும் கமோடு, வாஷ்பேசின், குழாய் எல்லாம் நம் கடையிலிருந்துதான் போகிறது. என் வயிறோ, இப்போது அலாரம் வைத்ததுபோல் காலையில் வேலை செய்கிறது. இரண்டு வெற்றியும் ஒரே நாளில், ஒரே வயிற்றுவலியில் பிறந்தவை. பிரசவம் மட்டும் கொஞ்சம் கஷ்டம்.

நான் கழிப்பறைச் சாமான் விற்று முன்னுக்கு வந்தவன். தோளில் பீங்கானைச் சுமந்து படியேறி மாட்டிக்கொடுத்த காலத்திலிருந்து இன்று கண்ணாடிக் கதவு போட்ட காட்சிக்கூடம் வரைக்கும் வந்தது, ஊரார் எல்லோரும் காலையில் நிம்மதியாக உட்காரட்டும் என்கிற ஒரே தொழிலில்தான். அப்பேர்ப்பட்டவனுக்கு மலச்சிக்கல் என்று வெளியே தெரிந்தால் என்ன ஆகும்? பூட்டுக்கடைக்காரர் வீட்டில் திருடன் புகுந்த மாதிரி. வெளியே சொல்லவில்லை. வயிறு சிமெண்ட் மூட்டை மாதிரி இறுகி, சட்டையின் கீழ்ப் பொத்தான் என்னைப் பார்த்துக் கெஞ்ச ஆரம்பித்தது. சாப்பாட்டைப் பார்த்தால் கோபம், சாப்பிட்டவனைப் பார்த்தால் பொறாமை. அந்த நிலைமையில்தான் ஹோட்டலின் கொள்முதல் அதிகாரி அம்மா, மறுநாள் காலையில் கடைக்கு வந்து சாமானைப் பார்ப்பதாகத் தகவல் அனுப்பினார்கள். எனக்கு முன்னால் ஊரில் இருந்த அத்தனை கடையையும் பார்த்துவிட்டு, எல்லோரிடமும் உதட்டைப் பிதுக்கிவிட்டு வருகிற அம்மா. இந்த ஆர்டர் போனால் பெரிய கட்டடங்கள் எல்லாம் கடை வாசலோடு திரும்பிப் போய்விடும், நான் மறுபடியும் ஒற்றைக் குழாயும் வாஷரும் விற்றுக்கொண்டிருக்க வேண்டியதுதான். கல்லைக் கட்டிக்கொண்டு நீந்தப் போகிறவன் மாதிரி அந்த வயிற்றோடு பேரத்துக்குப் போகலாமா? மருந்துக் கடையில் பேதி மாத்திரை கேட்டேன். அவர் அட்டையைக் கத்தரித்துக் கொடுக்கும்போதே, "ராத்திரி படுக்கும்போது ஒண்ணு, முழுசா, தண்ணியில. காலையில வரும், அவசரப்படாதீங்க" என்றார். 'அவசரப்படாதீங்க' என்பது யாவாரியின் காதில் ஏறாத சொல்.

அன்று ராத்திரி ஒன்று போட்டேன். படுக்கப் போனதே தாமதம், எழுந்ததோ விடிவதற்கு முன்னால். வயிற்றில் சத்தமே இல்லை. பல் தேய்த்தேன், கூடத்தில் நடந்தேன், போய் உட்கார்ந்து பார்த்தேன், செய்தித்தாளில் வரி விளம்பரம் வரைக்கும் படித்தேன். ஒன்றும் இல்லை. அப்போதுதான் மச்சான், இந்த உலகத்தில் பேதி மாத்திரையைக் கரைத்துக் குடித்த ஒரே நிபுணர் என்று நான் நம்பிய தங்களுக்கு ஃபோன் போட்டேன். நினைவிருக்கிறதா?

"ராத்திரி போட்டேன் மச்சான், இன்னும் வரல."

"எத்தனை போட்டே?"

"ஒண்ணு."

நீங்கள் சிரித்தீர்கள். "ஒண்ணா? ஒண்ணு பச்சைக் குழந்தைக்கு. இன்னும் ரெண்டு போடு. முழுசா முழுங்காத, அது உள்ள உருண்டுக்கிட்டே கெடக்கும். பொடி பண்ணு, சூடாப் பால்ல கலக்கு, ஒரே மடக்கு. அப்புறம் பாரு மாப்பிள்ளை, கதவைத் தட்டிட்டு வரும்."

ஸ்பூனின் முதுகால் நசுக்கினேன். பாலில் கலக்கினேன். ஒரே மடக்கு. கதவைத் தட்டிக்கொண்டு வரும் என்று நீங்கள் சொன்னது தவறு மச்சான். கதவை உடைத்துக்கொண்டு வந்தது.

அது வந்த நேரத்தைக் கேளுங்கள். கொள்முதல் அம்மாவும், அவருடன் வாயே திறக்காத ஒரு இன்ஜினியரும் கடைக்குள் வந்து உட்கார்ந்து, காப்பி வேண்டாம் என்று சொல்லி, அம்மா கைப்பையிலிருந்து அளவு நாடாவை எடுத்த நேரம். காட்சிக்கூடத்தை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். சுவரில் தொங்குகிற வகை, தரையில் நிற்கிற வகை, முட்டை வடிவம், சதுர வடிவம், மூடி தானாக மெதுவாக இறங்குகிற வகை, எல்லாம் வரிசையாக விளக்கு வெளிச்சத்தில் பல் தேய்த்த பிள்ளைகள் மாதிரி மின்னிக்கொண்டிருக்கும். அம்மா ஒவ்வொன்றையும் அளந்தார்கள். "பாக்க எல்லாம் ஒரே மாதிரி மின்னுது. போன கடையிலயும் மின்னுச்சு" என்றார்கள். இன்ஜினியர் ஃப்ளஷ்ஷைச் சோதிக்க வேண்டும் என்று சைகை காட்டினார். கடை முழுக்க இருக்கிற கமோடுகளில் தண்ணீர் இணைப்பு உள்ளது பின்கட்டில், ஊழியர்கள் புழங்குகிற ஒன்றே ஒன்றுதான். கடையில் வெகுநாளாக இருக்கிற விற்பனையாளர், மூக்கு நுனியில் கண்ணாடி நிற்பதால் நாங்கள் கண்ணாடிக்காரர் என்று கூப்பிடுபவர், இன்ஜினியரை அங்கே அழைத்துப் போனார். கதவு உள்ளிருந்து சாத்திக்கொண்டது. அந்தக் கதவு சாத்திய சத்தத்துக்கு என் வயிற்றிலிருந்து ஒரு பதில் வந்தது.

முதலில் ஒரு முறுக்கல். துணியைப் பிழிகிற மாதிரி. சிரித்துச் சமாளித்தேன். அம்மா ஒரு கமோடில் மூடியை இறக்கி, அதன்மேல் உட்கார்ந்து பார்த்தார்கள்.

"உயரம் சரியா இருக்கான்னு தெரியல. எனக்குச் சரியா இருக்கு, நான் குள்ளம். நீங்க பக்கத்துல அதுல உக்காருங்க, பாப்போம்."

"எதுக்கும்மா, நான் நின்னுக்கிட்டே…"

"உக்காருங்க சார். உக்கார்றதுக்குத்தானே விக்கிறீங்க."

உட்கார்ந்தேன். மச்சான், நான் உங்களுக்கு ஒன்று சொல்கிறேன், இதை எந்தப் புத்தகத்திலும் எழுதியிருக்க மாட்டார்கள். மூளைக்குத் தெரியும் அது காட்சிப்பொருள், கீழே குழாய் இல்லை, எதிரே கண்ணாடிக் கதவு, கதவுக்கு வெளியே தெரு. ஆனால் உடம்புக்குத் தெரியாது. வாழ்நாள் பூராவும் கமோடில் உட்கார்ந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அதற்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். அது படித்த பாடத்தை ஒப்பிக்கத் தயாராகிவிட்டது. நான் இரண்டு கையாலும் பீங்கான் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, மூச்சை மேலே இழுத்துக் கட்டிக்கொண்டு, நெற்றியில் வேர்வை பொட்டுப்பொட்டாகப் பூக்க, "வசதியா… இருக்கும்மா" என்றேன். பின்கட்டிலிருந்து ஃப்ளஷ் சத்தம். தொட்டி நிறைகிற சத்தம். மறுபடியும் ஃப்ளஷ். அந்த இன்ஜினியர் மனசாட்சி உள்ள மனிதர், ஒரு தடவையோடு விடுகிறவர் இல்லை. ஒவ்வொரு சத்தமும் என் வயிற்றில் ஒரு அழைப்பு மணி. "எழுந்திருச்சு, மறுபடி சாஞ்சு உக்காருங்க" என்றார்கள் அம்மா. எழுந்தால் கதை முடிந்துவிடுமே!

எழுந்தேன். எழுந்தவன் நிற்கவில்லை. நடந்தேன் என்று சொல்லமாட்டேன், ஓடினேன் என்றும் சொல்ல முடியாது, முழங்கால் இரண்டையும் ஒட்டவைத்துக்கொண்டு ஒரு மனிதன் எவ்வளவு வேகமாகப் போக முடியுமோ அவ்வளவு வேகமாகப் பின்கட்டுக்குப் போனேன். கண்ணாடிக்காரர் கதவுக்கு வெளியே காவலுக்கு நின்றார்.

"எப்ப வருவாரு?"

"இப்பத்தான் காகிதத்தைப் போட்டுச் சோதிக்கிறாரு முதலாளி. அடுத்து மாவு உருண்டை போட்டுப் பாக்கணுமாம். கையோட கொண்டுவந்திருக்காரு."

கதவைத் தட்டலாமா? தட்டினால் ஆர்டர் போகும். தட்டாவிட்டால் மானம் போகும். இரண்டுக்கும் நடுவில் நின்று யோசிக்க வயிறு அவகாசம் தரவில்லை. பின்வாசல் வழியாக வெளியேறி, பக்கத்துக் கடைக்குள் நுழைந்தேன். பக்கத்துக் கடை யாருடையது? டைல்ஸ்காரருடையது. போன வருஷம் தானும் கமோடு விற்கிறேன் என்று நமக்குப் போட்டியாக ஆரம்பித்து, சங்கக் கூட்டத்தில் என்னோடு முகம் கொடுத்துப் பேசாதவர். அவர் கல்லாவில் உட்கார்ந்திருந்தார். என் முகத்தைப் பார்த்தார், முழங்காலைப் பார்த்தார், எல்லாம் புரிந்துகொண்டார்.

"வாங்க சார், வாங்க! என்ன, உங்க கடையில கமோடு தீந்துபோச்சா?"

"அப்புறம் பேசுவோம். எங்க?"

"மாடிப்படிக்குக் கீழ. மெதுவாப் போங்க, தரை வழுக்கும், நம்ம டைல்ஸ்!"

உள்ளே போனதைப் பற்றி விரிவாக எழுதமாட்டேன், இந்தக் கடிதத்தை அக்காவும் படிப்பார்கள். ஆனால் தொழில் சம்பந்தப்பட்டதைச் சொல்லியே ஆகவேண்டும். அந்தத் தாழ்ப்பாளைத் தூக்கி, திருப்பி, அப்புறம் தள்ள வேண்டும். அவசரத்தில் இருக்கிறவனுக்கு ஒரு வேலை செய்யத்தான் கை இருக்கும், மூன்று வேலைக்கு இல்லை. கண்ணாடியைக் கழற்றி வைக்கத் தட்டு இல்லை. கைக்குழாய் முதுகுக்குப் பின்னால், பாம்பாட்டிக்குத்தான் எட்டும். காற்றாடி ஓடவில்லை, ஆகையால் வெளியே கடையில் பேச்சு நின்றுபோனது எனக்குத் துல்லியமாகக் கேட்டது. கடைசியாக, எழுந்திருக்கப் போகும்போது கால் இரண்டும் துணியாகிவிட்டன. பிடித்துக்கொள்ளச் சுவரில் ஒரு கம்பி இல்லை. வழவழவென்று டைல்ஸ் மட்டும்தான், அவர் பெருமையாகச் சொன்னாரே, அதே டைல்ஸ். சுவரில் நெற்றியை முட்டுக்கொடுத்து எழுந்தேன். மனிதர் கேலி செய்யக் காத்திருந்தவர்தான், ஆனால் வெளியே வந்த என் நிறத்தைப் பார்த்துப் பயந்துபோய், "சாருக்குத் தண்ணி கொண்டாங்க, உப்பும் சக்கரையும் போட்டு" என்று தானே எழுந்து நாற்காலி தந்தார். எதிரி கையால் குடித்த அந்தத் தண்ணீரை நான் மறக்கமாட்டேன். குடித்து முடிப்பதற்குள் மறுபடியும் ஒரு முறை உள்ளே போனேன் என்பது வேறு விஷயம். ராத்திரி கிளம்பிய சரக்கும் காலையில் கிளம்பிய சரக்கும் சேர்ந்து வந்திருக்கிறதே.

திரும்பி வந்தபோது அம்மா கைப்பையை மூடிக்கொண்டிருந்தார்கள். இன்ஜினியர் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

"ஒரு வார்த்தை சொல்லாம எழுந்து போயிட்டீங்க. இப்படித்தான் எல்லா வாடிக்கையாளரையும் கவனிப்பீங்களா?"

போச்சு. அத்தனையும் போச்சு. பொய் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். ஆனால் உடம்பில் சக்தியே இல்லை மச்சான், பொய்க்குத் தெம்பு வேண்டும். அப்படியே முன்னால் இருந்த கமோடின் மூடியில் உட்கார்ந்து உண்மையைச் சொன்னேன்.

"அம்மா, எனக்குப் பேதி. பேதி மாத்திரையத் தப்பாப் போட்டுக்கிட்டேன். என் கடையில இத்தனை கமோடு இருக்கு, எனக்கு ஒண்ணு இல்ல. பக்கத்துக் கடைக்கு ஓடினேன். ஒரு சேதி சொல்றேன் கேளுங்க. இத்தனை வருஷமா மின்னுறதக் காட்டித்தான் வித்திருக்கேன். இன்னைக்குத்தான் எது வேணும்னு தெரிஞ்சுது. உங்க ஹோட்டலுக்கு வர்றவன் ஊர் ஊராச் சுத்தி, கண்ட நேரத்துல சாப்பிட்டு, வயிறு கெட்டுத்தான் வருவான். அவனுக்குப் பூவேலை வேண்டாம். ஒரே தள்ளுல போடுற தாழ்ப்பாள் வேணும். பக்கவாட்டுல கை எட்டுற இடத்துல குழாய் வேணும். எழுந்திருக்கப் பிடிச்சுக்க ஒரு கம்பி வேணும். சத்தம் வெளிய போகாத கதவு வேணும். கமோடு எங்கிட்ட வாங்கினாலும் சரி, வாங்காட்டியும் சரி, இந்த நாலையும் போட்டுருங்க."

அப்புறம் அந்த அம்மா சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அளவு நாடா கையிலிருந்து நழுவி உருண்டு போனது. கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அந்த இன்ஜினியர் முதல் தடவையாக வாயைத் திறந்தார்.

"இத்தனை கடை பாத்தோம் மேடம். உபயோகிச்சுப் பாத்துச் சொன்னவர் இவர் ஒருத்தர்தான்."

ஆர்டர் நமக்கு. கம்பி, தாழ்ப்பாள், குழாய், அத்தனையும் நான் சொன்னபடி. கதவுக்குக் கீழ் இடைவெளியை அடைக்கிற ரப்பர் பட்டை வரைக்கும் நம் கடையிலிருந்து. சுவருக்கும் தரைக்கும் சொரசொரப்பான டைல்ஸ் வேண்டும் என்றார்கள், அதற்கு டைல்ஸ்காரரைக் கைகாட்டினேன். இப்போது சங்கக் கூட்டத்தில் எனக்குப் பக்கத்தில்தான் உட்காருகிறார், யாராவது கேட்டால், "எங்களுக்குள்ள ரொம்ப நெருக்கம், அவரு எங்க வீட்டுப் பிள்ளை மாதிரி வந்துபோவாரு" என்று சொல்லி என்னைப் பார்த்துக் கண்ணடிக்கிறார்.

இதோடு நான் நிறுத்தியிருந்தால் இது வெறும் அதிர்ஷ்டம். ஆனால் நான் யாவாரி, ஒரு சரக்கு ஏன் கெட்டது என்று தெரியாமல் அடுத்ததை வாங்கமாட்டேன். டாக்டரைப் பார்ப்பது என்று நான் முடிவெடுத்தேன். வீட்டில் நான் போட்டுக்கொண்டிருந்த மாத்திரை அட்டை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு அன்று சாயங்காலமே போனேன். உங்கள் தங்கையும் துணைக்கு வந்திருந்தாள். அந்த டாக்டரம்மா பூசி மெழுகுகிறவர் இல்லை.

"ரத்தம் போச்சா? வாந்தி? எடை தானாக் குறைஞ்சுதா? காத்தே பிரியாம வயிறு உப்பி வலிச்சுதா?"

எதுவும் இல்லை. "இதுல எது இருந்தாலும் பேதி மாத்திரையத் தொடக் கூடாது, நேரா ஆஸ்பத்திரிக்கு வரணும்" என்றார். அப்புறம் என் கதையை முழுதும் கேட்டு, மேஜையில் நெற்றியை வைத்துக்கொண்டார்.

"சார், அந்த மாத்திரை மேல ஒரு பூச்சு இருக்கு. எதுக்குன்னு நெனச்சீங்க, அழகுக்கா? இரைப்பையில கரையாம குடலுக்குப் போய்க் கரையணும்னு. நீங்க பொடி பண்ணினீங்க, பூச்சு போச்சு. பால் வேற ஊத்தினீங்க, பாலும் சரி, நெஞ்செரிச்சல் மாத்திரையும் சரி, அந்தப் பூச்சை முன்னாடியே கரைச்சிடும். அதான் வயித்தைப் பிழிஞ்சுது. அதுக்கும் இந்த மாத்திரைக்கும் நடுவுல ஒரு மணி நேரமாவது இடைவெளி இருக்கணும். யார் சொன்னா உங்களுக்குப் பால்ல கலக்கச் சொல்லி?"

மச்சான், உங்கள் பேரை நான் சொல்லவில்லை. மனைவியின் அண்ணன் என்று மட்டும் சொன்னேன்.

காலையில் வராததால் இன்னும் இரண்டு போட்டேன் என்றதற்கு அவர் சொன்னதை, லாரி ஆபீஸ் நடத்துகிற உங்களுக்கு உங்கள் பாஷையிலேயே சொல்கிறேன். ராத்திரி கிளம்பின லாரி காலையில் இன்னும் வந்துசேரவில்லை என்றால் நீங்கள் என்ன செய்வீர்கள்? வழியில் இருக்கிறது, வரும் என்று காத்திருப்பீர்கள். இன்னும் இரண்டு லாரியில் அதே சரக்கை ஏற்றி அனுப்புவீர்களா? அந்த மாத்திரைக்கு வழி தூரமே ஆறு மணி நேரத்திலிருந்து பன்னிரண்டு மணி நேரம். நான் பொறுமையாக இருந்திருந்தால் அந்த ஒன்றே போதும். முழுதாக, ஒரு டம்ளர் தண்ணீரோடு, படுக்கும்போது ஒன்று. வரவில்லையா, மறுநாள் ராத்திரிதான் அடுத்த பேச்சு. அதுவும் நாலைந்து நாளைக்கு, அதிகம் போனால் ஒரு வாரத்துக்குத்தான், அதற்கும் மேல் வேண்டியிருந்தால் டாக்டரைக் கேட்டுத்தான். இது குடலைத் தட்டி எழுப்புகிற மாத்திரை மச்சான். தட்டி எழுப்புகிறவனை வீட்டோடு வைத்துக்கொள்ளக் கூடாது.

அப்புறம் ஒரு கேள்வி கேட்டார். அதில்தான் நான் மாட்டினேன்.

"தானா எப்பவாவது அவசரம் வருமா?"

"வரும் டாக்டர். ஆனா அந்த நேரம் பாத்துக் கடையில ஆள் இருப்பாங்க. அடக்கிக்குவேன். அப்புறம் வராது."

"அப்ப, வாசலுக்கு வந்த வாடிக்கையாளரைக் கதவைச் சாத்தித் திருப்பி அனுப்பிட்டு, யாவாரமே இல்லைன்னு எங்கிட்ட வந்து அழறீங்க."

சுருக்கென்று தைத்தது. தொழிலில் இந்தத் தப்பை நான் ஒருநாளும் செய்ததில்லையே! முழங்கால் வலிக்கு நான் விழுங்கிக்கொண்டிருந்த மாத்திரையும் குடலைத் தூங்கவைக்கிற ரகமாம். பையிலிருந்த அட்டையைப் பார்த்துக் கண்டுபிடித்து வேறு ஒன்று மாற்றிக்கொடுத்தார். தண்ணீர், கீரை, பழம், நடை, இதெல்லாம் உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், இரண்டு பேரும் செய்ததில்லை. உட்காரும்போது காலுக்குக் கீழே ஒரு சின்ன முக்காலி வைத்துக்கொள்ளச் சொன்னார். அதற்கு நான், அப்படியானால் கமோடு கடையில் முக்காலியும் விற்கலாமே என்றேன். "முதல்ல உங்க வயித்தைப் பாருங்க" என்றார்.

நான் பார்த்தேன். வயிறு தேறியபின், வேண்டிய ராத்திரி மட்டும் ஒன்று போட்டேன், முழுதாக, தண்ணீரில். மீதி அட்டையை, கை துறுதுறுத்து இன்னொன்று எடுக்கக் கூடாது என்று நானே பீரோவில் வைத்துப் பூட்டினேன். காலையில் எழுந்து வெந்நீர் குடித்துவிட்டு, அடக்காமல், அவசரப்படாமல், காலை முக்காலியில் ஏற்றி ராஜா மாதிரி உட்கார்ந்தேன். அப்புறம் நடந்ததை எப்படிச் சொல்வேன்? வலியில்லை, முறுக்கல் இல்லை, ஓட்டமில்லை. நல்ல வாடிக்கையாளர் வந்த மாதிரி, பேரம் பேசாமல், முகம் கோணாமல், வந்த வேலையை முடித்துக்கொண்டு போனது. வெளியே வந்த என்னைப் பார்த்து உங்கள் தங்கை, "என்ன, மூஞ்சியில எலெக்ஷன்ல ஜெயிச்ச களை?" என்றாள். ஜெயித்ததுதான். சீக்கிரமே மாத்திரையையும் நிறுத்தியாயிற்று. இப்போதும் வருகிறது, தானாக. கடையில் யார் இருந்தாலும், ஹோட்டல் முதலாளியே இருந்தாலும், "இதோ வந்துட்டேன்" என்று எழுந்துவிடுகிறேன். காட்சிக்கூடத்திலேயே ஒரு மூலையில் சுவர் எழுப்பி, கம்பி, தாழ்ப்பாள், ரப்பர் பட்டையோடு ஒன்றை நிஜமாகவே இணைத்துவிட்டேன். வாடிக்கையாளர்களும் உபயோகிக்கலாம். உபயோகித்தவர்கள் அதையேதான் வாங்குகிறார்கள்.

இனி உங்கள் விஷயம். நீங்கள் தினமும் போடுகிறீர்கள், கூட்டிக்கொண்டே போகிறீர்கள். அந்த மாத்திரை தண்ணீரையும், உடம்புக்கு வேண்டிய உப்புகளையும் சேர்த்து வெளியே இழுத்துக்கொண்டு போகும் என்றார் டாக்டரம்மா. உங்கள் தலைசுற்றலுக்கும் கெண்டைக்கால் முறுக்கலுக்கும் அது காரணமா என்று ரத்தத்தைச் சோதித்தால் தெரிந்துவிடும் என்றும் சொன்னார். ஆகவே நாலாவது மாத்திரை வேண்டவே வேண்டாம். போட்டுக்கொண்டிருப்பதை எப்படிக் குறைப்பது, எதற்கு மாறுவது என்பதை நீங்களாக முடிவு செய்யாமல் டாக்டரிடம் கேளுங்கள். உங்கள் குடலுக்கு நீங்கள் முதலாளிதான் மச்சான். ஆனால் முதலாளி தினம் கழுத்தைப் பிடித்துத் தள்ளினால்தான் வேலை நடக்கும் என்று ஒரு கடையை நடத்த முடியாது. இத்தனை தூரம் கடிதத்தைப் படித்த நீங்கள், சில இடங்களில் சிரித்தும் இருப்பீர்கள், சில இடங்களில் 'மாப்பிள்ளை சொல்றதும் சரிதான்' என்று தலையாட்டியும் இருப்பீர்கள். அது எனக்குப் போதும்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் எங்கள் ஆசீர்வாதம், அவர்கள் என்றைக்கும் தின்றது செரித்து, செரித்தது கழிந்து, நிம்மதியாக வாழட்டும். உங்கள் வயிறு திறக்கும் நாளை எதிர்பார்த்து,

வெற்றி பெற்ற,
உங்கள் மாப்பிள்ளை.

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன்னால் உங்கள் தங்கை வாங்கிப் படித்துவிட்டாள். "நான் சொன்னா எங்கண்ணன் 'போடி, உனக்கென்ன தெரியும்' என்பாரு, நீங்க செஞ்ச மாதிரி எழுதுங்க" என்று எழுதச் சொன்னதே அவள்தான். இப்போது படித்துவிட்டு, "எழுதச் சொன்னேன், அதுக்காக இவ்வளவு நல்லாவா எழுதுவீங்க?" என்று பக்கத்தில் நின்று திருத்தம் எழுத வைக்கிறாள். ஆகவே மேலே 'நான்' டாக்டரைப் பார்க்க முடிவெடுத்தேன் என்று இருப்பதை 'உங்கள் தங்கை' என்று படிக்கவும். அட்டைகளைப் பையில் போட்டு எடுத்துப் போனது உங்கள் தங்கை. பீரோவைப் பூட்டியது உங்கள் தங்கை, சாவி இன்னும் எனக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. உங்கள் தலைசுற்றலைப் பற்றி டாக்டரம்மாவிடம் கேட்டது உங்கள் தங்கை, நேற்று ஃபோனை வைத்த கையோடு போய்க் கேட்டாள். அங்கே முதல் நாள் நான் "வயித்துல லேசா ஒரு இது" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், மீதிக் கதையைச் சொன்னது அவள். துணைக்கு வந்தவன் நான். பொடி பண்ணினது, பாலில் கலக்கினது, ஓடினது, இந்த மூன்று இடத்திலும் 'நான்' அப்படியே இருக்கட்டும் என்கிறாள். கொள்முதல் அம்மாவிடம் பேசினது நான்தான் என்று நான் மன்றாடியதில், அதையும் விட்டுவைத்திருக்கிறாள்.

சனிக்கிழமை காலை ரயிலில் அவள் அங்கே வருகிறாள். உங்களுக்கு டாக்டரிடம் நேரம் வாங்கியாகிவிட்டது, சட்டையை மாட்டிக்கொண்டு தயாராக இருங்கள். போடி என்று சொல்லித் தப்பிக்கலாம் என்று பார்க்காதீர்கள் மச்சான். இத்தனை பக்கமும் நீங்கள் தலையாட்டியது அவள் சொன்னதற்குத்தான். ஆட்டிய தலை ஆட்டியதுதான், விற்ற சரக்கு திரும்ப எடுத்துக்கொள்ளப்பட மாட்டாது.